பென்குயின் பாவமா?

ஏப்ரல் 25, 2025

“பென்குயினுக்கு இறக்கை இருக்கு, ஆனா பறக்க முடியல. கால் இருக்கு, ஆனா ஒழுங்கா நடக்க முடியல. ரெண்டு அடி வெச்சா விழுது. பார்க்கவே பாவமா இருக்கு. ஏன் இப்படிப் பிறந்துச்சு?”

ஐந்தாம் வகுப்பு வாசகி ஒருத்தியின் கேள்வி. இன்று உலகப் பென்குயின் தினம் என்று வகுப்பில் படம் காட்டினார்களாம். இந்த இழையை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏப்ரல் 25, இரவு

நீ பார்த்த படத்தில் பென்குயின் தரையில் இருந்திருக்கும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. மீனைக் கரையில் போட்டுவிட்டு “ஐயோ, நடக்கத் தெரியவில்லையே” என்று சொல்வோமா? பென்குயின் தரைக்கு வருவது முக்கியமாக இரண்டு வேலைக்கு. ஒன்று, முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பது. இன்னொன்று, பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடுவது. சாப்பாடு முழுக்கக் கடலில். சில இனங்கள் மாதக்கணக்கில் கரைப் பக்கமே எட்டிப் பார்க்காது.

அதற்குப் பறக்கத் தெரியும். தண்ணீருக்குள் பறக்கும்.

ஏப்ரல் 26

நேற்றுச் சொன்னதை விளக்கச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. காற்றில் பறக்க அகலமான, லேசான இறக்கை வேண்டும். அதே இறக்கையைத் தண்ணீருக்குள் விரித்து வீசிப் பார்த்தால் அசைக்கவே முடியாது. பென்குயினின் இறக்கை குட்டையாக, தட்டையாக, படகுத் துடுப்பு மாதிரி விறைப்பாக இருக்கிறது. நம் முழங்கை மடங்குவது போல அது மடங்காது. பறக்கும் பறவைகளின் எலும்பில் உள்ளே காற்று இருக்கும், எடை குறைவு. பென்குயினின் எலும்பு கெட்டி. அந்தக் கனம் இருப்பதால்தான் முங்குவது எளிதாகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. காற்றில் பறக்கும் பறவைகள் பெரும்பாலும் இறக்கையைக் கீழே அடிக்கும்போதுதான் உந்துவிசை பெறும். பென்குயின் கீழே அடித்தாலும் முன்னே போகும், மேலே தூக்கினாலும் முன்னே போகும். ஜென்டூ என்கிற இனம் மணிக்கு 36 கிலோமீட்டர் வரை போகிறது. ஒலிம்பிக்கில் நீந்துகிற மனிதர் மணிக்கு 8 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகிறார்.

ஏப்ரல் 26, கொஞ்ச நேரம் கழித்து

நடை பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பென்குயினுக்கு முழங்கால் உண்டு. வெளியே தெரியாது, உடம்புக்குள் மறைந்திருக்கிறது. நிற்கும்போதுகூட உள்ளே கால் மடங்கியேதான் இருக்கும்.

ஒரு போர்வையை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குந்தியபடி நாலு அடி நடந்து பாருங்கள். என் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் செய்து பார்த்தார்கள். சின்னவன் இரண்டாம் அடியிலேயே உருண்டான். பெரியவள் உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிச் சமாளித்துவிட்டாள். “அத்தை, ஆடினா விழல!” என்றாள். அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். பென்குயின் ஆடி ஆடி நடப்பதும் அதற்காகத்தான். ஒவ்வொரு ஆட்டமும் அடுத்த அடிக்கு வேண்டிய விசையைக் கொடுக்கிறது.

அவசரமென்றால் வயிற்றின் மேல் படுத்து, காலால் உந்திச் சறுக்கிக்கொண்டே போய்விடும்.

ஏப்ரல் 29

ஒரு திருத்தம். பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டும்போது பென்குயின் பக்கத்தில் பனிக்கரடியையும் வரைந்திருந்தேன். ஒரு வாசகர் பார்த்துவிட்டுச் சொன்னார், அவர் சொல்வது சரி. பனிக்கரடி வாழ்வது வட துருவத்தில். பென்குயின்கள் தென் பாதியில். இரண்டும் இயற்கையில் சந்தித்ததே கிடையாது. கரடியை அழித்துவிட்டேன்.

ஆனால் வடக்கே “பென்குயின்” என்று ஒரு பறவை இருந்தது! கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்காது, நன்றாக முங்கும். வட அட்லாண்டிக் தீவுகளில் வாழ்ந்தது. மாலுமிகள் முதலில் பென்குயின் என்று அழைத்தது அதைத்தான். பிறகு தெற்கே போனபோது அதே சாயலில் வேறு பறவைகளைக் கண்டு அந்தப் பெயரையே வைத்தார்கள். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இறைச்சிக்கும் இறகுக்கும் கொழுப்புக்கும் அந்த வடக்குப் பறவையைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். 1844இல் ஐஸ்லாந்துக்கு அருகே எல்டே என்ற பாறைத் தீவில் கடைசி ஜோடியையும் கொன்றார்கள். இப்போது பெரிய ஆக் என்கிறோம். பெயரை மட்டும் தெற்குப் பறவைகள் சுமக்கின்றன.

இதைச் சொன்னதும் பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மே 4

“எல்லாப் பென்குயினும் பனியில்தானே இருக்கும்?” இல்லை. நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பொதுவாக 18 இனங்கள் என்று எண்ணுகிறார்கள். அவற்றில் அன்டார்டிகாவையே நம்பி வாழ்வது எம்பரர், அடேலி என்ற இரண்டுதான். மற்றவை எங்கெங்கேயோ இருக்கின்றன. நியூசிலாந்தில் ஃபியார்ட்லாந்து பென்குயின் மழைக்காட்டுக்குள், மரவேருக்கு அடியில் முட்டையிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் போல்டர்ஸ் கடற்கரையில் ஆட்கள் நடமாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆப்பிரிக்கப் பென்குயின்கள் மணலில் படுத்திருக்கும். அவை கத்துவது அச்சு அசல் கழுதை மாதிரியே இருக்கும். கலாபகோஸ் தீவுகளில் பூமத்திய ரேகை மேலேயே ஒரு இனம் வாழ்கிறது. அங்கே வெயில் கொளுத்தும். ஆனால் ஆழத்திலிருந்து எழும் குளிர்ந்த நீரோட்டம் மீனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெயில் நேரத்தில் அந்தப் பென்குயின் குனிந்து, இறக்கையை முன்னால் நீட்டித் தன் பாதத்துக்கு நிழல் போட்டுக்கொள்ளும். இறகு இல்லாத பாதம் வெந்துவிடக் கூடாதல்லவா.

மே 4, சேர்க்கை

மிகச் சிறியது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உள்ள குட்டிப் பென்குயின். உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட அடிக்கோலை விடக் கொஞ்சம் கூட. எடை ஒரு கிலோவுக்கு மேலே கொஞ்சம். இருட்டிய பிறகு கூட்டமாகக் கரையேறி வளைக்குள் போய்விடும்.

மிகப் பெரியது எம்பரர். ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். முழுக்கச் சாப்பிட்டிருந்தால் 40 கிலோ வரை போகும். அதாவது உங்களில் பலரை விடக் கனம்.

மே 18

ஒரு காட்சியகத்தில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஜென்டூ பென்குயினைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எழுதிவிடுகிறேன்.

பாறை மேல் பத்துப் பன்னிரண்டு நின்றன. அசைவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திடீரென்று ஒன்று குனிந்தது, தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது, அடுத்த நொடி என் முகத்துக்கு நேராகக் கடந்து போய்விட்டது. போன வழியில் வெள்ளைக் கோடாகக் குமிழிகள். இறகுக்கு இடையில் சேர்த்துவைத்த காற்று அப்படிக் கசிகிறது. திரும்பி வந்து என் எதிரே நின்றது. கண்ணின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று பக்கவாட்டில் ஓடி மூடித் திறந்தது. நீச்சல் கண்ணாடியைக் கூடவே வைத்துக்கொண்டு பிறந்திருக்கிறது. வாயைத் திறந்தபோது நாக்கைப் பார்த்தேன். முழுக்க முள், எல்லாம் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வழுக்குகிற மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது.

பாறையில் நின்றதும் இதுவும் ஒரே பறவை என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. “பாவம்” என்ற கேள்வி வந்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கண்ணாடிதான்.

மே 19

கேள்வி: அதுக்கு மீன் ருசியா இருக்குமா?

நம்மைப் போல ருசி தெரியாது. பென்குயின்களின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். இனிப்பு, கசப்பு, இறைச்சியின் சுவை மூன்றையும் உணரும் திறன் போய்விட்டதாம். மிஞ்சியது புளிப்பும் உப்பும். எப்படியும் மெல்லாமல் முழுசாகத்தான் விழுங்குகிறது.

மே 19, மறுபடியும்

உப்புத் தண்ணீர் குடிக்குமா என்றால், குடிக்கும். கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. இரத்தத்தில் கூடுதலாக உள்ள உப்பை அது பிரித்தெடுக்கும். அந்த உப்பு நீர் அலகு வழியாகச் சொட்டும். பென்குயின் அடிக்கடி தலையை உதறுவது அதைத் தட்டிவிடத்தான். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜூன் 12

இந்த நேரத்தில் அன்டார்டிகாவில் என்ன நடக்கிறது என்று எழுதலாம்.

அங்கே இப்போது நடுக் குளிர்காலம், பெரும்பாலும் இருட்டு. மற்ற பறவைகள் எல்லாம் வடக்கே போய்விட்ட சமயத்தில் எம்பரர் பென்குயின் முட்டையிடுகிறது. மே, ஜூனில் ஒரே ஒரு முட்டை. கூடு கட்டக் குச்சியும் இல்லை, கல்லும் இல்லை. தாய் தன் பாதத்தின் மேல் முட்டையை வைத்திருந்து, எதிரே நிற்கும் தகப்பனின் பாதத்துக்கு மெல்ல உருட்டிவிடும். இடையில் பனியில் விழுந்து கிடந்தால் சீக்கிரமே உறைந்துவிடும். தகப்பன் அலகால் இழுத்துப் பாதத்தில் ஏற்றி, வயிற்று மடிப்பை அதன் மேல் இறக்கிக்கொள்ளும். தாய் கடலுக்குக் கிளம்பிவிடும்.

பிறகு ஏறத்தாழ 65 நாள் தகப்பன்தான் அடைகாக்கிறது. கரையேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்ட நான்கு மாதம் அதற்கு ஒரு வாய் சாப்பாடு கிடையாது. எடையில் பாதிக்குக் கிட்டப் போய்விடும்.

ஜூன் 13

“அம்மா விட்டுட்டுப் போயிடுச்சா?” என்று சின்னவன் கோபப்பட்டான். அப்படிச் சொல்லாதே. முட்டையை உண்டாக்குவதிலேயே அதன் உடம்பு வற்றிப்போயிருக்கும். பனி மேல் பல பத்துக் கிலோமீட்டர் நடந்தால்தான் அதற்குத் திறந்த கடல் கிடைக்கும். சாப்பிட்டு, குஞ்சுக்கும் வயிற்றில் சேர்த்துக்கொண்டு, அதே தூரம் திரும்பி நடந்து வரும். குஞ்சு பொரிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். தாமதமானால் தகப்பன் தன் தொண்டைக்குள் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். நான்கு மாதப் பட்டினியில் இருக்கிற பறவை அது.

ஜூன் 15

கால் ஏன் உறைவதில்லை? நிறையப் பேர் கேட்ட கேள்வி.

பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் போகிற வழியிலேயே தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் பாதத்துக்குப் போவது ஏற்கனவே ஆறிய இரத்தம். பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும். பனியில் வீணாகும் சூடு மிகக் குறைவு. உடம்புச் சூடு உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

ஜூன் 22

கதகதப்புக்கு ஆண் எம்பரர்கள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில். வெளியே மைனஸ் 40 டிகிரி என்றாலும் நடுவில் 37 டிகிரி வரை ஏறிவிடும். வெளியில் நிற்பவை முறை வைத்து உள்ளே போகும், உள்ளே இருப்பவை விட்டுக்கொடுத்து வெளியே வரும்.

ஜூன் 24

மேலே கடைசி வரியில் எழுதியதை மாற்றுகிறேன். “முறை வைத்து”, “விட்டுக்கொடுத்து” என்று எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் உண்மையில் நடப்பது வேறு.

பின்பக்கம் காற்று அடிக்கும் ஓரத்தில் நிற்பது, குளிர் தாங்காமல் ஓரமாகவே நடந்து காற்றுப் படாத பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னால் இன்னொன்று. இப்படி நடக்க நடக்க, முன்பு நடுவில் இருந்தவை தாமாகவே ஓரத்துக்கு வந்துவிடும். கூட்டத்துக்குள்ளும் ஒரு அசைவு இருக்கிறது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில் காட்சிகளை வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று சில சென்டிமீட்டர் நகர, அடுத்தது நகர, அது கூட்டம் முழுக்க அலையாக ஓடியது. பாதத்தில் முட்டை இருக்கும்போதே இத்தனையும். ஒவ்வொன்றும் தன் குளிருக்குத்தான் நகர்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் சூடு கிடைத்துவிடுகிறது. முன்பு எழுதியதை விட இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாகப் படுகிறது.

ஜூலை 6

இதே முட்டைக்காக மூன்று மனிதர்கள் போன கதை. 1911 ஜூன் கடைசியில், அன்டார்டிகா இருட்டில், வில்சன், பவர்ஸ், செரி-கராட் என்ற மூன்று பேர், தென் துருவத்தை அடைய வந்திருந்த ஸ்காட்டின் முகாமிலிருந்து குரோசியர் முனைக்குச் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரியையும் தாண்டியது. புயலில் கூடாரமே பறந்துபோய், பிறகு அதைத் தேடி எடுத்தார்கள். ஐந்து முட்டை எடுத்ததில் இரண்டு வழியிலேயே உடைந்தன. மூன்று லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. முட்டைக்குள் வளரும் கருவைப் பார்த்தால் பறவைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியும் என்று நம்பினார்கள். பின்னாளில் ஆராய்ந்தபோது அவ்வளவு பெரிய விடை எதுவும் கிடைக்கவில்லை.

அவர்கள் ஐந்து வாரம் பட்ட குளிரைப் பென்குயின் தகப்பன் நான்கு மாதம் தாங்குகிறது. கூடாரமும் அடுப்பும் அதற்கு இல்லை.

ஜூலை 7

“விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பென்குயின் மல்லாக்க விழுமாமே?” விழாது. தெற்கு ஜார்ஜியா தீவில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டே பார்த்துவிட்டார்கள். சத்தம் கேட்டுச் சில விலகிப் போயின. ஒன்றுகூட விழவில்லை.

ஆகஸ்ட் 3

அடேலி பற்றி எழுதச் சொன்னவருக்கு.

அடேலி கூழாங்கல்லைக் குவித்துக் கூடு கட்டும். பனி உருகி ஓடும்போது முட்டை நனையக் கூடாது. கல் கிடைப்பது அருமை என்பதால் பக்கத்து வீட்டில் திருடும். கூட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாக ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டும். அந்த நேரம் பார்த்து அதன் கூட்டில் வேறொன்று திருடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இதை நடித்துக் காட்டாத நாளில்லை. வீட்டில் இருந்த பல்லாங்குழிச் சோழி முழுக்க இடம் மாறிவிட்டது.

பனி விளிம்பில் அடேலிகள் கூடி நின்று தயங்குவதையும் பாருங்கள். கீழே சிறுத்தைச் சீல் காத்திருக்கலாம். “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பது அங்கே வாழ்வா சாவா விஷயம். யாராவது ஒன்று குதிக்க வேண்டும். குதித்ததும் மொத்தக் கூட்டமும் பின்னாலேயே பொலபொலவென்று விழும்.

ஆகஸ்ட் 20

ஒரு கணக்கு. கன்னப்பட்டைப் பென்குயின், அதாவது தாடைக்குக் கீழே கருப்புக் கோடு போட்ட இனம், கூட்டில் இருக்கும்போது ஒரேயடியாகத் தூங்குவதில்லை. முட்டையைத் திருட ஸ்குவா பறவை சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு தடவைக்கு நாலு நொடி அளவுக்குக் கண்ணயரும். ஒரு நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல். 2023இல் வெளியான ஆய்வு இது. பத்தாயிரத்தை நாலால் பெருக்கி, மணிக்கணக்கில் மாற்றிப் பாருங்கள். நாளைக்கு யார் விடை சொல்கிறீர்கள்?

ஆகஸ்ட் 21

சரி. பதினோரு மணி நேரத்துக்கும் மேல். நாலு நொடி நாலு நொடியாகச் சேர்த்த தூக்கம்.

செப்டம்பர் 14

எம்பரர் குஞ்சுகள் இப்போது தாய் தகப்பன் பாதத்தை விட்டு இறங்கி, ஒன்றாகக் கூடி நிற்கும். பெற்றோர் இரண்டும் மாறி மாறிக் கடலுக்குப் போகின்றன. திரும்பி வந்தால் எல்லாக் குஞ்சும் ஒரே சாம்பல் நிறம். கூடு என்று ஒரு விலாசமும் இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கும்?

குரலை வைத்து. பறவைகளின் குரல் உறுப்பு இரண்டு கிளையாக இருக்கும். எம்பரரும் கிங் பென்குயினும் ஒரே நேரத்தில் அதில் இரண்டு சுருதி எழுப்பும். இரண்டும் கலக்கும்போது உண்டாகும் அதிர்வு ஒவ்வொரு பறவைக்கும் தனி. ஆயிரம் பேர் கத்தும் இரைச்சலில் குஞ்சு அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்போம். இங்கே அந்தப் பொன்னைக் காதால் கண்டெடுக்கிறார்கள்.

அக்டோபர் 5

ஆப்பிரிக்கப் பென்குயின் குறித்து எழுதாமல் விட்டால் மனசு கேட்காது.

2000 ஜூனில் கேப் டவுனுக்கு அருகே ஒரு கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. இறகில் எண்ணெய் பட்டால் இறகுக்கு இடையில் தங்கும் காற்றுப் போர்வை போய்விடும், பறவை குளிரில் செத்துப்போகும். சுமார் 19,000 பென்குயின்களைத் தன்னார்வலர்கள் கையால் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500 பறவைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை வீட்டுக்கு நீந்தி வருவதற்குள் இங்கே கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயரிட்ட மூன்றின் முதுகில் கருவி கட்டி, உலகமே வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றும் வந்துசேர்ந்தன.

அப்படிக் காப்பாற்றிய இனம்தான் 2024இல் மிக அதிக ஆபத்தில் உள்ளவை பட்டியலுக்குப் போனது. இப்போது 10,000 ஜோடிகூட இல்லை. அவை தின்னும் மத்தி மீனும் நெத்திலி மீனும் போதவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணைப்படி ஆறு குடியிருப்புகளைச் சுற்றி அந்த மீன்களைப் பெரிய வலைப் படகுகள் பிடிக்கப் பத்தாண்டுத் தடை வந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

நவம்பர் 23

இதைப் பிள்ளைகளுக்கு எழுதலாமா என்று ரெண்டு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன். மறைத்தால் அவர்களை மதிக்காதது போல.

எம்பரர் குஞ்சுக்கு முதலில் இருப்பது பஞ்சு போன்ற தூவி. அதில் தண்ணீர் ஊறிவிடும். நீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர் ஆகிவிடும். அதுவரை காலடியில் கடல்பனி உடையாமல் இருக்க வேண்டும். 2022இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்கே இருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சும் பிழைத்ததாகத் தெரியவில்லை. செயற்கைக்கோள் படத்தில் பனி மேல் தெரியும் எச்சக் கறையை வைத்துத்தான் குடியிருப்புகளையே கண்டுபிடிக்கிறார்கள். அந்த ஆண்டு கறை இருந்த இடத்தில் தண்ணீர் தெரிந்தது.

கடல் சூடாவதுதான் இதற்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர்களின் வேலை இது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

டிசம்பர் 27

இப்போது குஞ்சுகள் கிளம்பும் நேரம். பெற்றோர் தீனி கொண்டுவருவதை நிறுத்திவிட்டு முன்னாலேயே போய்விடும். நீச்சல் யாரும் சொல்லித் தருவதில்லை. தூவி உதிர்ந்து, இன்னும் கழுத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க, பசி தாங்காமல் தாமாக விளிம்புக்கு நடந்து போகும். போனால் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

அன்டார்டிகாவின் அட்கா விரிகுடாவில் எடுத்த காட்சி ஒன்று 2024இல் வெளியானது. பல நூறு குஞ்சுகள் தாழ்வான பனியை விட்டு ஒரு பனிச் சுவரின் உச்சிக்கு வந்துவிட்டன. கீழே கடல், சுமார் 15 மீட்டர். ஐந்து மாடி உயரம். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கின்றன, பின்வாங்குகின்றன, மறுபடி எட்டிப் பார்க்கின்றன. முதல் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இந்தக் காட்சியை அனுப்பிவைத்தேன்.

ஒன்று சாய்ந்து விழுந்தது. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே போனது. காற்றில் அந்த இறக்கையால் ஒரு பயனும் இல்லை. தண்ணீரில் மறைந்தது. மேலே நின்றவை எல்லாம் கழுத்தை நீட்டின. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு தலை மேலே வந்தது, மறுபடி முங்கியது, நேராகத் திறந்த கடலைப் பார்த்துப் போய்விட்டது.